மாமனாரின் எட்டுக் குதிரைகள்

என் மாமனார் என்னை நாற்பது தடவையாவது கொன்றிருப்பார். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள், நாங்கள் சேர்ந்து குடியிருக்கும் புக்கிட் காத்தில் ஊர் வீட்டு ஹாலில் வைத்துத்தான். நான் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். அவர் மூலையில் தன் பழைய கம்ப்யூட்டருக்கு முன்னால், சட்டைப் பையில் பேனாவோடு. நடுவில் ஆறேழு அடி தூரம். ஆனால் விளையாட்டு தொடங்கிவிட்டால் அவருக்கு ஒரு நாடு, எனக்கு ஒரு நாடு.

அரசர் காலத்து யுத்த விளையாட்டு அது. ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு ஊர்க்கூடம், மூன்று வேலையாட்கள், நாலைந்து ஆடுகள், அவ்வளவுதான் கிடைக்கும். அந்த மூன்று பேரை வைத்துக்கொண்டு ஆட்டை அறுத்து, மரம் வெட்டி, வீடு கட்டி, மேலும் ஆள் சேர்த்து, தங்கம் தோண்டி, படை திரட்டி, அடுத்தவன் ஊரை அடித்து நொறுக்க வேண்டும். அவசரப்பட்டுப் படை கட்டினால் சோறில்லாமல் படை நின்றுவிடும். சோறே கதி என்று கிடந்தால் எவனாவது வந்து உழுகிறவனை வயலிலேயே வெட்டிப் போட்டுவிட்டுப் போவான்.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு போட்டிருந்த காலத்தில், வீட்டில் அடைந்து கிடந்த மாமாவுக்குப் பொழுது போகட்டும் என்று என் கணவர்தான் இதைப் போட்டுக் கொடுத்தார். மாமா அலோர் காஜாவில் அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மாமி என் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். ஆபீஸை விட்டாலும் ஆபீஸ் அவரை விடவில்லை. முதல் ஆறு பேர் ஆட்டுக்கு, அடுத்த நாலு பேர் விறகுக்கு, அதற்கடுத்தவன் பன்றிக்கு என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். அந்தத் தாளில் இருப்பதுதான் நடக்கும். ஒரு வரி மாறாது.

நான் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். நாற்பது பேரை மேய்க்கிறவள். அம்மா சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தப் பொம்மை ஆட்களை மேய்ப்பது பெரிய காரியமா என்று நினைத்துத்தான் இறங்கினேன். முதல் நாளே மண்ணைக் கவ்வினேன். இந்த விளையாட்டில் காட்டுப்பன்றியைச் சீண்டிவிட்டு, அது துரத்தத் துரத்த ஊருக்கு ஓடி வந்து, அங்கே வைத்து எல்லாருமாக அடிக்க வேண்டுமாம். எங்கள் தோட்டத்தில் பன்றியைக் கண்டால் மரத்தில் ஏறுவோம்! என் ஆள் சீண்டினான், நடு வழியில் நின்றான், செத்தான். அடுத்தவனை அனுப்பினேன். அவனும் செத்தான்.

"ஏன் பிள்ளை, பண்டிக்குச் சாப்பாடு போடுறீரோ?" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. என் கணவர் சோபாவில் விழுந்து சிரித்தார். எனக்குக் காதில் புகை வந்தது.

பன்றியைச் சமாளித்தால் குதிரை வரும். தாளில் இருக்கிறபடி சரியாகப் பதினாறாவது நிமிஷம், எட்டுக் குதிரை வீரர்கள். விறகு வெட்டிக்கொண்டிருக்கும் என் பிள்ளைகளை ஓட ஓட வெட்டுவார்கள். நான் பதறிப்போய் மணியடித்து எல்லாரையும் ஊர்க்கூடத்துக்குள் அழைத்துவிடுவேன். உள்ளே போனால் பத்திரம்தான், ஆனால் வேலை? வெட்டின மரம் அப்படியே கிடக்கும், வயல் காயும். மாமா அந்தக் குதிரைகளை வெளியே சும்மா சுற்றவிட்டு, தன் ஊரில் கோட்டை கட்டிக்கொண்டிருப்பார். அநியாயம்!

தோற்றதற்கெல்லாம் எனக்கு அவ்வளவு கோபம் வராது. கோபத்துக்குக் காரணம் வேறு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் மாமா என் அம்மா வீட்டு வாசற்படியை மிதித்ததே இல்லை. அம்மா இங்கே வருவார், சாப்பிடுவார், மாமாவும் மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் தீபாவளி மத்தியானம் நானும் கணவரும் சிம்பாங் அம்பாட்டுக்குக் கிளம்பும்போது, "மாமா, நாங்க போயிட்டு வர்றோம்" என்றால், "ஓம், கவனமாய்ப் போட்டு வாங்கோ" என்பார். ஒரு வருஷமாவது 'நானும் வாறன்' என்று வந்ததில்லை. தகரக் கூரை வீட்டில் உட்கார ஆபீஸ் மனுஷருக்கு மனம் வருமா என்று எனக்குள் வெந்துகொண்டே இருந்தது. கணவரிடம் கேட்டால், "அப்பா அப்படித்தான்லா" என்று கார் சாவியைச் சுழற்றுவார். அவரை நான் என்ன சொல்ல! அம்மா எதுவும் கேட்கமாட்டார். ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் கார் வந்து நின்றதும் பின் சீட்டை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த எட்டுக் குதிரைகளும் என் கடைசி வேலையாளை வெட்டிச் சாய்த்தபோது, என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"மாமா, இந்தத் தீபாவளிக்குள்ள நான் ஒரு தடவை ஜெயிச்சிட்டா, நீங்க எங்கம்மா வீட்டுக்கு வந்து சாப்பிடணும். பந்தயம்."

கணவரின் முகத்தில் ஈ ஆடவில்லை. மாமா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்துப் பையில் சரியாகச் செருகிக்கொண்டு, "சரி. நீர் வெல்லும், பாப்பம்" என்றார்.

தீபாவளிக்கு இன்னும் எட்டு ஞாயிறுதான் இருந்தது. ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன். முதல் வேலையாக என் தொழிற்சாலைப் புத்தியைக் கொண்டு வந்தேன். லைனில் ஒரு ஆள் கை கட்டி நின்றால் எனக்கு முதுகில் அரிக்கும். இங்கே மட்டும் ஊர்க்கூடம் சும்மா நின்றதை எப்படி விட்டேன்? நிறுத்தாமல் ஆள் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நிமிஷமும் பெரட்டு. விறகுக்கு எத்தனை, வயலுக்கு எத்தனை, எவன் வெட்டியாக நிற்கிறான் என்று வாய்விட்டு எண்ணுவேன். "டேய், நீ என்னடா ஆடு தின்னு முடிஞ்சும் அங்கயே நிக்கிற, போ, மரம் வெட்டு!" என்று கத்தினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

"ஆரோட பேசுறீர், பிள்ளை?"

"என் ஆளுங்ககிட்ட பேசறேன் மாமா. நீங்க உங்க ஆளுங்களப் பாருங்க."

அப்படியும் மூன்று ஞாயிறு தோற்றேன். நாலாவது ஞாயிறு ஒரு விஷயம் பிடிபட்டது. மாமா ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்து விளையாடுவார். லாயத்தில் ஒரு குதிரை தயாரானால் அது கனைக்கும். எட்டுக் கனைப்பு கேட்டால் எட்டுக் குதிரை! எதிராளி காதைப் பொத்திக்கொண்டுதான் ஆட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையே. அடுத்த ஞாயிறு எண்ணி எட்டாவது கனைப்பு வந்ததும் வேல்காரர்களை மரத்துக்குப் பின்னால் நிறுத்தினேன். குதிரைகளை விரட்டியும்விட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் வயலைக் கவனிக்காமல் விட்டு, சாப்பாடு தீர்ந்து, கடைசியில் அவர் கோட்டைக்கு முன்னால் போய்ப் பட்டினிப் படையோடு நின்றேன். தோல்விதான். அதற்கடுத்த வாரம் மாமா ஹெட்போன் மாட்டிக்கொண்டார். யார் சொல்லிக் கொடுத்தது என்று என் கணவரை முறைத்தேன். அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கனைப்பு போனால் என்ன, தாள் ஒட்டித்தானே இருக்கிறது! அந்த மனுஷர் பதினாறாவது நிமிஷத்தை மாற்றவே மாட்டார் என்று எனக்கு நிச்சயம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த அந்த ஞாயிறு, பதினைந்தாவது நிமிஷம் பத்து வேல்காரர்கள் காட்டோரம் தயார். மணியடிக்கவில்லை. விறகு வெட்டுகிறவன் வெட்டிக்கொண்டே இருந்தான். குதிரைகள் வந்தன. அதே எட்டு, அதே பக்கம். ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை.

"ஐயோ" என்றார் மாமா. அவ்வளவு மெதுவாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

குதிரைக்கே எல்லாவற்றையும் போட்டவரிடம் அடுத்த படைக்குச் சாப்பாடு இல்லை. நான் வில்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவருடைய தங்கச் சுரங்கத்தில் குந்திக்கொண்டேன். அவருடைய ஆட்கள் ஓடினார்கள், வந்தார்கள், மறுபடி ஓடினார்கள். என் ஊரில் ஒருத்தன்கூட வெட்டியாக நிற்கவில்லை, ஆள் வந்துகொண்டே இருந்தான், படை போய்க்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலே இழுத்தார், பிடிவாதக்காரர். கடைசியில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தோத்துப் போனன்" என்றார்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தேன். நாற்பது வயதுப் பொம்பளை, சூப்பர்வைசர், ஹாலில் ஆடினேன். கணவர் கை தட்டினார். மாமாவும் சிரித்தார். "சொன்ன சொல் சொன்னதுதான். வாறன்" என்றார். ஆனால் அந்தச் சிரிப்பில் உயிரில்லை. தோற்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

பந்தயக் கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், வெடித்தார்.

"பந்தயத்துல தோத்ததுக்காகவா அவரு என் வீட்டுல வந்து சாப்பிடணும்? என்னடி வேலை இது? அவரு என்ன பிடிச்சிட்டு வந்த கைதியா?"

"அம்மா, பன்னெண்டு வருஷமா வராதவர நான் எப்படிம்மா கொண்டு வர்றது?"

"நீ ஒரு தடவ வாங்க மாமான்னு கூப்பிட்டியா?"

போயிட்டு வர்றோம் என்று சொல்லியிருக்கிறேன். வாங்க என்று? யோசித்து யோசித்துப் பார்த்தேன். அவராக வரவேண்டும், அதுதான் மரியாதை என்று காத்திருந்திருக்கிறேனே தவிர, கூப்பிட்டதில்லை. அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"நீங்க மட்டும் கூப்பிட்டீங்களா?"

அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "நான் எப்படிடி கூப்பிடுவேன். பெரிய உத்தியோகத்துல இருந்தவரு. வரமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா, அந்த வீட்டுல உன் முகம் என்னாகும்னு பயந்துகிட்டே இருந்துட்டேன்."

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். கணவர் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை நான் லீவு. வாசலில் அம்மா நிற்கிறார். பட்டுச் சேலை, கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"ஒரு போன் போட்டா இவர் கார்ல வந்து ஏத்திட்டு வந்திருப்பாரேம்மா?"

"அழைக்க வர்றவ மாப்பிள்ளை கார்லயா வருவா? தள்ளு."

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். தாம்பாளத்தில் பாக்கு உருண்டது. அம்மா தாம்பாளத்தை நீட்டினார்.

"சம்பந்தி, அந்தப் பந்தயத்த விட்டுடுங்க. என் மக வாய்த்துடுக்கு. தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடணும். சின்ன வீடுதான். நீங்க வந்தா எனக்குச் சந்தோஷம்."

மாமா இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கி மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"வாறன், சம்பந்தி. கட்டாயம் வாறன். சம்பந்தி வீட்டுக்குக் கூப்பிடாமல் போறது மரியாதை இல்லை எண்டுதான் இருந்தனான். என்னைப் பிடிக்கேல்லையாக்கும், அதுதான் ஒருத்தரும் கேக்கினமில்லை எண்டு நினைச்சன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு காலமும் ஒவ்வொரு தீபாவளிக்கும் நீங்கள் வரும்வரைக்கும் நான் புது வேட்டியை மாத்துறதில்லை, பிள்ளை. பாதி வழியிலாவது திரும்பி வந்து கூப்பிடுவியள் எண்டு."

நான் இரண்டு பேருக்கும் உட்கார நாற்காலி இழுத்துப் போட்டேன்.

தீபாவளி அன்று கார் சிம்பாங் அம்பாட்டில் நின்றதும் அம்மா பின் சீட்டை எட்டிப் பார்க்கவில்லை. கதவையே திறந்துவிட்டார். மாமா செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போய், தரையில் விரித்த பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தோசையும் கம்பத்து நாட்டுக்கோழிக் குழம்பும். முதலில் இரண்டு தோசை, பிறகு இரண்டு, பிறகு "இன்னும் ஒண்டு போடுங்கோ" என்று அவரே கேட்டார். அம்மா தோசைக் கரண்டியோடு அப்படியே நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் பழைய அதிகாரம்.

"இப்படி ரசிச்சு சாப்பிடற மனுஷன, ஒரு வார்த்த கூப்பிடாம, பன்னெண்டு தீபாவளி தனியா உக்கார வச்சிட்டு வந்திருக்கியேடி!"

நான் தலையைக் குனிந்துகொண்டு மாமாவின் இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.