மூன்றாவது கம்பி

பணி ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் பக்கத்து வீட்டு மாடிக்குப் புகார் சொல்லப் போனேன். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து குறுகலானது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். மதியம் இரண்டரை மணிக்கு, நான் கண்ணயரும் நேரம் பார்த்து, அந்த மாடியில் யாரோ கிட்டாரின் ஒரே கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கு எந்த விதியின் கீழ், யாருக்கு, எத்தனை பிரதிகளில் மனு எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எழுதுவதற்கு முன் வாயால் எச்சரிப்பது முறை என்பதால் படியேறினேன்.

எச்சரிக்கவில்லை. கதவு திறந்திருந்தது. மேசைமேல் ஒரு சிறிய மரப்பெட்டியின் குடல் வெளியே கிடந்தது. அதன்முன் நின்றிருந்த பெண்மணி வலது கையால் மீட்டரின் முனையை உள்ளே வைத்து எதையோ அளந்துகொண்டிருந்தார். இடது கை முதுகுக்குப் பின்னால் மடிந்திருந்தது. நான் மின்துறை ஆய்வாளராக முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்தவன். ஒரு கையில் அதிர்ச்சி வாங்கினால் பிழைக்கலாம், இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்று எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். அதைக் கடைப்பிடித்தவர்கள் என்று நான் கண்டது மூன்றே பேர். அவர்களில் ஒருவருக்கு மறு கை கிடையாது.

"வாங்க சார். சத்தம் தொந்தரவா? பத்தே நிமிஷம், கேட்டோ," என்றார் திரும்பாமலே. பத்து நிமிடம் இரண்டு மணி நேரமானது. நான் சாயா குடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அதன்பிறகு வாரத்தில் நான்கு நாள் போகத் தொடங்கினேன். என் மனைவி இதை ஓய்வூதியத்தோடு கிடைத்த கூடுதல் சலுகையாகக் கருதினார்.

மாடிப் பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். சந்தில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் 'இத்தா', அதாவது அக்கா. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து இருபது ஆண்டு டிவி பழுது பார்த்தவர். டிவி கெட்டால் தூக்கிப் போடுவது என்று உலகம் முடிவு செய்ததும் பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களுக்கு மாறிக்கொண்டார். வால்வு போட்ட சின்னப் பெட்டிகள். அந்தக் கண்ணாடிக் குழாய்கள் சூடேறி மங்கலாக ஒளிரும்போது வரும் ஒலியை வேறெதிலும் பெற முடியாது என்று வாசிப்பவர்கள் சத்தியம் செய்கிறார்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கூரியரில் பெட்டிகள் வந்து அவருடைய மாடிப்படியில் வரிசையில் காத்திருக்கும்.

அவர் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்துப்போனது. எந்தப் பெட்டியையும் வந்தவுடன் மின்சாரத்தில் மாட்ட மாட்டார். முதலில் எல்லாக் கோணத்திலும் படம் எடுப்பார். பிறகு, பழைய கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும் மின்சாரத்தை வடிப்பார். பிளக்கைப் பிடுங்கி நாள்கணக்கானாலும் ஆளை உதறித் தள்ளும் அளவுக்கு அவற்றில் மிச்சம் இருக்கலாம். கடைசியில் ஒரு குண்டு பல்பை சீரீஸில் போட்டு அதன் வழியாகத்தான் பெட்டிக்கு மின்சாரம் விடுவார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பிக்கும். நாங்கள் அலுவலகத்தில் பதினான்கு பத்தியில் எழுதி, ஒருவரும் படிக்காமல் போன விஷயம் இது.

அந்தக் கோடையில் வந்த பெட்டி ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சாம்பல் நிறத் துணி ஒட்டிய அமெரிக்கப் பெட்டி. மூன்று வால்வு, எட்டு அங்குல ஸ்பீக்கர். எப்போதோ ஏதோ கப்பலில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் பக்கத்துச் சுள்ளிக்கல்காரர், அறுபது வயது மலையாளி. எங்களோடு பேசும்போது தமிழையும் மலையாளத்தையும் சரிபாதி கலந்துகொள்வார். அவரும் அவர் மனைவியும் சனிக்கிழமை தோறும் காயலோரத்து உணவகம் ஒன்றில் பாடுகிறவர்கள். அவர் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார், மனைவி இரண்டாம் குரல். முந்தைய மழைக்காலத்தில் ஒரு நாள், கிட்டார் கம்பியில் கை இருக்க, உதடு மைக்கில் பட்டது. சுரீரென்று பிடித்து அவரைப் பின்னால் தள்ளிவிட்டது. கசியும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடும் எர்த் அந்தப் பெட்டிக்கு இல்லை. இரண்டு பின் பிளக். அந்தக் காலத்துப் பெட்டிகளெல்லாம் அப்படித்தான்.

அன்று முதல் அவர் பாடவில்லை. வாசிப்பார், மனைவி மட்டும் பாடுவார்.

"பாடணும்னு நெஞ்சு சொல்லுது சாரே. மைக் கிட்ட போனா உதடு வேண்டாம்ங்குது," என்றார்.

"வேற ஆம்ப் வாங்கிக்கலாமே?" என்றேன்.

என்னை அவர் பார்த்த பார்வையில், வேறு மனைவி பார்த்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டது போல இருந்தது. அவர் மனைவியும் அருகில்தான் நின்றிருந்தார். "அதெல்லாம் கேக்காதீங்க சார். வீடு இடிஞ்சாலும் அந்தப் பெட்டிய எடுத்துட்டுத்தான் என்னைத் தேடுவாரு," என்றார்.

"மூணு பின் போடணும் சேட்டா. வேற வழியே இல்ல," என்றார் இத்தா.

"எர்த் குடுத்தா சவுண்டு செத்துப் போவும்."

"எர்த் குடுக்கலேன்னா நீங்க செத்துப் போவீங்க. எது பரவால்ல?"

மனிதர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு பெட்டியை விட்டுவிட்டுப் போனார்.

வேலை மூன்று வாரம் நடந்தது. பெட்டிக்கு நூற்றுப்பத்து வோல்ட் போதும். நம் ஊர் மின்சாரத்துக்காக யாரோ வெளியே ஒரு இரும்பு டிரான்ஸ்ஃபார்மரைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைத் தூக்கிவிட்டு, உள்ளேயே பொருந்துமாறு புதிதாக ஒன்றை எர்ணாகுளத்தில் கம்பி சுற்றச் சொல்லி வாங்கினார் இத்தா. ஒலியைத் தீர்மானிக்கும் மற்றொரு டிரான்ஸ்ஃபார்மரைத் தொடவே இல்லை. ஊதிப்போன கெப்பாசிட்டர்களை எடுத்து, அவற்றின் பழைய அட்டைக்குழாய்களைச் சூடாக்கி உள்ளிருந்ததை உருக்கி வெளியேற்றினார். அந்தக் குழாய்க்குள் புதிய கெப்பாசிட்டரை வைத்து இரு முனையிலும் மெழுகு ஊற்றி அடைத்தார்.

"இத யாரு திறந்து பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"அடுத்து ரிப்பேர் பண்றவங்க பாப்பாங்கல்ல சார்."

மூன்று பின் வந்ததும் பின்பக்கத்திலிருந்த ஒரு பழைய ஸ்விட்சுக்கு வேலையில்லாமல் போனது. அதை எடுத்துவிட்டு, அதே துளையில் வேறொரு ஸ்விட்ச் வைத்தார். மேலே தள்ளினால் பழைய ஒலி. கீழே தள்ளினால், மெதுவாக வாசிக்கும்போதே ஒலி கொஞ்சம் கரகரத்துக் கனக்கும். பெட்டியில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. இப்படி ஒரு ஆள் என் அலுவலகத்தில் இருந்திருந்தால் நான் இன்னும் பல இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சோதித்துப் பார்க்கும் நாள் வந்தது. இத்தாவின் மாமியார் பக்கத்து அறையில் காய்ச்சலில் படுத்திருந்தார். அங்கே சத்தமாக வாசிக்க முடியாது. எங்கள் வீட்டு முன்னறைக்கு வரச் சொன்னேன். "எர்த் பத்தி எங்க வீட்டுல யாருக்கும் சந்தேகமே வேண்டாம்," என்றும் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

தம்பதியர் வந்தார்கள். மைக்கும் அதற்கான ஸ்பீக்கரும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். எல்லாவற்றையும் மாட்டினோம். பாடகர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கிட்டாரை எடுக்கப் போனார். "சேட்டா, தொடாதீங்க," என்று தடுத்த இத்தா, பையிலிருந்து முள் ஓடும் பழைய மீட்டரை எடுத்தார்.

"இங்க அது தேவையில்லம்மா. இது என் வீடு."

"எங்க வீட்டுலயும் பாப்பேன் சார். பள்ளிவாசல்ல வச்சாலும் பாப்பேன்."

கம்பிக்கும் மைக்குக்கும் இடையே பார்த்தார், ஒன்றும் இல்லை. பிறகு ஒரு துணியை நனைத்துத் தரையில் போட்டு, மீட்டரின் ஒரு முனையை அதில் வைத்தார், மறுமுனையைக் கிட்டார் கம்பியில். முள் எழுந்து தொண்ணூறு வோல்ட்டில் நின்றது.

பாடகர் இரண்டடி பின்வாங்கினார். அவர் மனைவி, தன்னை அறியாமல், அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

நான் அறிவியல் பேசினேன். மீட்டர் பழையது, ஈரத் தரை, இத்யாதி. கடைசியாக, எங்கள் வீட்டில் கசிவு வந்தால் தானாக விழும் பிரேக்கர் இருக்கிறது, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அதன் டெஸ்ட் பட்டனை நானே அழுத்திப் பார்க்கிறேன், டைரியில் குறிக்கிறேன் என்றேன்.

"அந்தப் பட்டன் எர்த்தைப் பாக்காது, இல்லியா சார்?" என்று இத்தா மெதுவாகக் கேட்டார்.

பார்க்காது. பிரேக்கர் விழுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது கம்பீரமாக விழும். இதை நானே கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன்.

அவர் ஒரு பல்பை எடுத்து, ஒரு கம்பியை பிளக் பாயின்டின் ஃபேஸிலும் மற்றதை மூன்றாவது துளையிலும் வைத்தார். எர்த் நன்றாக இருந்தால் அந்த நொடியே பிரேக்கர் விழ வேண்டும். விழவில்லை. பல்பும் எரியவில்லை. துளைக்குப் பின்னால் எதுவுமே இல்லாதது போல இருந்தது.

கொல்லையில் எர்த் குழியின் மூடிமேல் என் மனைவி கறிவேப்பிலைத் தொட்டியை வைத்து நெடுநாளாகிறது. இடுப்புவலி காரணமாக அதை நகர்த்துவதில்லை என்று இருவருக்கும் ஒப்பந்தம். பாடகரும் நானும் நகர்த்தினோம். உப்புக்காற்றில், கம்பியையும் குழாயையும் இணைத்த போல்ட் பழுப்புப் பொடியாகிக் கையோடு வந்தது. வீட்டிலுள்ள ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாம் கசியவிடும் கொஞ்சநஞ்ச மின்சாரம் இறங்க வழியில்லாமல், இத்தா புதிதாகப் போட்ட மூன்றாவது கம்பி வழியாகக் கிட்டாருக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. எர்த்தை ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பதிவேட்டில் எழுதாததற்காக எத்தனை தொழிற்சாலைக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பேன்!

இத்தா பையில் புதிய போல்ட் தேடத் தொடங்கினார். பாடகர்தான் பேசினார். "சாரே, இந்த வீட்டுக்கு சர்டிபிகேட் யாரு குடுத்தா?"

"நான்தான்."

"ஓ," என்றார். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மெயினை அணைத்துவிட்டு, துருவைச் சுரண்டிப் புதிய போல்ட் போட்டு முறுக்கினோம். குழியில் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றினோம். இரண்டு மணி நேரம் ஆனது. மெயினைப் போட்டு மறுபடி பல்பு வைத்தபோது, வைத்த கணமே பிரேக்கர் 'டக்'கென்று விழுந்தது. அதைத் தூக்கிவிட்டு ஈரத்துணியில் மீட்டரை வைத்தார் இத்தா. முள் அசையவில்லை.

அப்போதும் பாடகர் மைக்குக்கு ஒரு சாண் தள்ளியே நின்றார். வாசித்தார். ஒலி சாகவில்லை, முன்னைவிட இரைச்சல் குறைந்திருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் வாய் திறக்கவில்லை.

இத்தா கிட்டாரை வாங்கிக் கம்பிகளை உள்ளங்கையால் முழுதாகப் பற்றி, மைக்கில் உதட்டை அழுத்தி, "ஹலோ, ஹலோ, மாமியாருக்குக் காய்ச்சல் இறங்கிருச்சா?" என்றார். ஒன்றும் ஆகவில்லை. பாடகர் தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாரும் ஒண்ணு தொடணும்."

நியாயம்தான். நான் கையெழுத்துப் போட்டே பழகியவன். என் உதட்டை யாரும் சான்றாகக் கேட்டதில்லை. கம்பியைப் பிடித்தேன். மைக்கின் வலை குளிர்ந்திருந்தது, லேசாகத் துரு வாடை அடித்தது. அந்த ஒரு நொடியில், இந்த மனிதர் எட்டு மாதமாக எதைக் கண்டு பின்வாங்கினார் என்பது என் கழுத்துக்குப் பின்னால் தெரிந்தது. உதட்டை வைத்தேன். ஒன்றுமில்லை.

அவர் கிட்டாரை மாட்டிக்கொண்டார். இரண்டு முறை பக்கத்தில் வந்து இரண்டு முறை விலகினார். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பாட்டின் முதல் அடி கமறலாக வெளிவந்தது. இரண்டாவது அடியில் உதடு வலையில் பட்டது, விலகவில்லை, பட்டபடியே பாடியது. மூன்றாவது அடிக்கு அவர் மனைவி சேர்ந்துகொள்ள வேண்டும். அவர் சேரவில்லை. கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடகர் கண்ணைத் திறந்து, பாடிக்கொண்டே, புருவத்தால் கூப்பிட்டார்.

"வரேன், வரேன். முதல்ல நீங்க பாடுங்க," என்றார் அவர் மனைவி.