குலசாமி கோயில் ரசீது

இலங்கையில், எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் சாமி படத்துக்குப் பின்னால் ரசீதுகள் செருகியிருக்கும். திருச்சிப் பக்கத்துக் குலசாமி கோயிலுக்கு வருடா வருடம் அனுப்பிய திருவிழா வரியின் ரசீதுகள். அப்பா அந்தக் கோயிலைக் கண்ணால் கண்டதில்லை. பிறந்ததும் உழைத்ததும் எல்கடுவையில்தான். ஆனாலும் வரி அனுப்பாத வீட்டை எங்கள் சனங்கள் மதிக்க மாட்டார்கள்.

நான் அப்போது மாத்தளை டவுனில் படித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியராக வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமே கிடையாது. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவன் டவுன் முஸ்லிம் கடைக்காரர் ஒருவரின் மகன். தங்கமான பையன். கணக்குப் பாடத்தை மட்டும் என்னைப் பார்த்துத்தான் எழுதுவான். அவனுக்கும் அதே ஆசை.

அரசாங்க ஆசிரியர் வேலைக்குப் பிரஜாவுரிமை வேண்டும். அவன் குடும்பத்துக்கு அது பிறப்போடு வந்தது. இந்தியாவிலிருந்து வந்த வழி என்பதால் நாங்கள் மனுப் போட வேண்டியிருந்தது. அப்பாவுக்குக் கிடைத்தால் எனக்கும் கிடைக்கும்.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். பத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. எழுந்து வருவதுதான் பாக்கி. அப்பா மடியிலிருந்து ரசீதுகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதையும் பாருங்க ஐயா. ஒரு வருசம் தவறுனதில்லைங்க. நாங்க மரியாதப்பட்ட குடும்பங்க."

அதிகாரி அவற்றையும் கோப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அன்று அதை நேரில் பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. இந்தியக் கோயிலுக்குப் பணம் அனுப்புகிறவர், இங்கே நிலையாக இருக்கும் எண்ணம் இல்லாதவர், ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது.

"என்னடா போட்டிருக்கான்?" என்று கேட்டார் அப்பா.

"இல்லேன்னுட்டாங்கப்பா. காரணம் ஒண்ணும் போடல."

அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த மாதமே ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் வேலைக்குப் போய்விட்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, தோட்டத்துப் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு அந்தப் பழைய நண்பன் பிரதம விருந்தினனாக வந்தான். டவுனில் பெரிய பள்ளிக்கூடமொன்றின் அதிபர், தலைமை வாத்தியார். சொந்த வீடும் காரும் இருந்தன. என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டான். பிறகு மேடை ஏறினான்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. நான் வாத்தியார் வேலையத் தெரிவு செஞ்சேன். அவர் தோட்டத்தத் தெரிவு செஞ்சார். முன்னுக்கு வாறது எல்லாம் நாம எடுக்கிற முடிவுலதான் இருக்கு, பிள்ளைகளே."

அவன் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இரண்டு கதவு இருந்தால்தானே ஒன்றைத் தெரிவு செய்ய முடியும்? என் மகளும் முன்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து அப்பா எழுந்தார்.

"அவன் தெரிவு செய்யலீங்க தம்பி. நான்தான் அந்த ரசீத எடுத்துக் குடுத்துட்டேன்."

மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கடிதத்தை யாரிடமோ கொடுத்துப் படிக்க வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். பழையவை அன்றே கோப்போடு போய்விட்டன; அதற்குப் பிறகு ஒரு ரசீதுகூட இல்லை. அந்தக் கடிதம் வந்த வருடத்திலிருந்தே அப்பா கோயிலுக்கு வரி அனுப்பவில்லை. லயத்தில் எல்லாரும் அதற்காக அவரை இளக்காரமாகப் பேசினார்கள். கை முடை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.