அங்கப்பன் சொன்ன கிரே

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் எல்லோருமே கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள். அங்கப்பன் பேசினால் பக்கத்துத் தோட்டத்து மாடு திரும்பிப் பார்க்கும். ஆனால் மனைவி புவனாவிடம் மட்டும் அந்தச் சத்தம் எடுபடாது. தறிக் குடோனை ஒட்டிக் கட்டிய புது வீட்டுக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்று பேச்சு வந்தபோதும் எடுபடவில்லை.

அவருக்கு அடர்த்தியான சிமென்ட் கலர் வேண்டும். எண்ணெய்க் கையோடு சுவரைத் தொட்டாலும் தெரியாது. புவனாவுக்கு வெளிர் நிறம் வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் இருந்தது குடோனுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத அறையில். பட்டப்பகலிலும் லைட்டைப் போட்டுத்தான் சோறாக்கினாள்.

"இந்த ஊட்டுலயாவது வெளிச்சமா இருக்கோணுமுங்க" என்றாள். மனுஷன் அதோடு சிமென்ட் கலரை விட்டுவிட்டார். "செரி அம்மணி, நம்ம துணி கலர்லயே அடிச்சுப்போடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

புவனா ஒரு சீருக்காகப் போத்தனூர் போயிருந்த அன்று, பெயின்டர் ஆல்வின் போன் செய்தார். "ஏனுங்ணா, ஹாலுக்கு என்ன கலருங்?"

தறிச் சத்தத்துக்கு நடுவே அங்கப்பன் கத்தினார். "கிரே அடிச்சுருங்க தம்பி."

சாயங்காலம் புவனா திரும்பி வந்தபோது ஹாலின் பெரிய சுவர் மழைக்கு முந்தின வானம்போல் இருட்டிக் கிடந்தது. அவள் கையில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. "என்கிட்ட ஒண்ணு சொல்லிப்போட்டு, உங்க இஷ்டத்துக்கே அடிச்சுட்டீங்க" என்றாள். அங்கப்பன், தன்னை ஏமாற்றுக்காரன் என்றே நினைத்துவிட்டாளே என்று நிஜமாகவே பயந்துபோனார்.

"கிரேன்னுதான சொன்னேன்" என்று ஆல்வினைப் பார்த்தார். "அதத்தானுங்ணா அடிச்சிருக்கேன்" என்று ஆல்வின் ஷேடு கார்டை நீட்டினார். சிமென்ட் நிறக் கட்டத்துக்குக் கீழே கிரே என்றே போட்டிருந்தது.

அங்கப்பன் குடோனுக்கு ஓடினார். தறியில் நெய்த துண்டுத் துணி ஒன்றைக் கொண்டுவந்து புவனா கையில் வைத்தார். வெளுக்காத, சாயம் ஏறாத துணி. பாலில் துளி டீ விட்டதுபோன்ற நிறம்.

"இது என்ன துணி, சொல்லு."

"என்ன துணி, கிரே..." என்றவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் அவளும் மடித்து, கட்டி, வண்டியில் ஏற்றிவிட்ட துணி. தறிக்காரர் வாயில் அதற்கு வேறு பெயரே கிடையாது. புவனா சிரித்த சிரிப்பில் பை கைநழுவி விழுந்தது. ஆல்வின் மட்டும் ஒன்றும் புரியாமல் பிரஷ்ஷோடு நின்றார்.

"தம்பி, கார்டை உள்ள வெய்யுங்க. இந்தத் துணி கலர்ல அடிச்சுக் குடுங்க" என்றாள்.

மறுநாள் ஹாலே வெளிச்சமாகிவிட்டது. குடோன் கதவை ஒட்டி மிச்சமிருந்த சிமென்ட் கலர்ப் பட்டையில் ஆல்வின் பிரஷ்ஷை வைக்கப் போனபோது புவனா தடுத்தாள். "அது அப்படியே கெடக்கட்டுங்க. அவரு கை வெக்கறதுக்கு."

அங்கப்பன் இப்போது அந்தச் சிமென்ட் கலர்ப் பட்டையைத் தொடுவதற்கு முன்கூட லுங்கியில் கையைத் துடைத்துக்கொள்கிறார்.