இருபத்து மூன்றாவது கூறு

இதை எழுதுபவன் பூங்காவனத்தை முதன்முதலில் பார்த்தது 2004 ஜூன் மாதம், அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில். பட்டம் வாங்கிய கையோடு, பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக வாத்தியாராக அன்றைக்குத்தான் அவன் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சோற்றுக் குண்டானை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாருக்கு எந்த ஊரு?"

ஊரைச் சொன்னான். அந்த ஊரின் முதல் பட்டதாரி தான்தான் என்பதையும் கேட்காமலே சொன்னான்.

"அது கெடக்கட்டும். உங்க குலசாமிக்கு எத்தினி தலக்கட்டு?"

"தெரியலீங்க. அப்பாவுக்குத்தான் தெரியும்."

"பதினஞ்சு வருஷம் படிச்சும் அது தெரியலியா? குடுத்து வச்சவரு சார் நீங்க" என்று சிரித்தாள். கேட்கிறவனுக்குச் சுருக்கென்று தைக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பின் கதையை மூன்று வருஷமாக, முட்டை உரிக்கும் நேரங்களில், துண்டு துண்டாகச் சொல்லித்தான் அவள் முடித்தாள்.

பூங்காவனம் பிறந்தது ரஞ்சன்குடிப் பக்கம், மழையை நம்பிச் சோளமும் பருத்தியும் போடுகிற மேட்டுக்காட்டு ஊரில். வீட்டுக்கு ஒரே பிள்ளை. சாப்பாட்டுக்கு மூன்று தட்டு கழுவினால் வேலை முடிந்தது. அங்கிருந்து தா.பழூர் பக்கத்து நெல் வயல் ஊருக்கு, தர்மனுக்கு வாக்கப்பட்டு வந்தாள். அண்ணன் வீரமுத்து, நடுவில் தர்மன், தம்பி பிச்சைமுத்து. மூவருக்கும் ஒரே வீடு, ஒரே உலை.

முதல் கோடையிலேயே அவள் மிரண்டுபோனாள். பள்ளிக்கூடம் சாத்திய மறுநாளே மூன்று நாத்தனார்களும் பிள்ளைகளும் பஸ்ஸிலிருந்து மூட்டையும் முடிச்சுமாக இறங்கினார்கள். முப்பது தலை. தண்ணீர்ப் பானை நிரப்ப நிரப்பக் காலியானது. பம்புசெட்டில் குளிக்கப் போன பிள்ளைகள் கண் சிவக்கும்வரை திரும்பவில்லை. பகலெல்லாம் நுங்கும் மாங்காயும், பொழுது சாய்ந்தால் தாயக்கட்டமும் சண்டையும். வத்தல் கூழ் கிண்டும்போது ஆளுக்கொரு குறை சொன்னார்கள்.

"மேட்டுக்காட்டுக்காரி போட்ட வத்தலப் பாருடி, அம்மா வூட்டு நெனப்பு வந்து சுருங்கிக்கிச்சு" என்பாள் மூத்த நாத்தனார் சின்னம்மாள்.

"வயல்தண்ணியில ஊறிப்போன வாயிக்கு அதுதான் அண்ணி மொறுமொறுன்னு இருக்கும்" என்பாள் பூங்காவனம்.

கொல்லையே சிரிக்கும். மூன்று தட்டு வீட்டிலிருந்து வந்தவளுக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போயிற்று. பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகு நாலு நாளைக்குச் சோறு இறங்காது. அடுத்த வருஷத்து வத்தலுக்கு அரிசியை அப்போதே எடுத்து வைப்பாள்.

சித்திரைக் கடைசி ஞாயிறு வீரனார் கோயில் படையல். பங்காளிகள் எல்லாம் கூடுவார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பொங்கல் பானை, வெட்டிய கிடாயில் தலைக்கட்டுக்கு ஒரு கூறு கறி. இலைகளில் கறியைக் கூறு போட்டு வைத்துவிட்டு, பூசாரி வரிசையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பேருக்கு உரியவன் "இருக்கேன்" என்று குரல் கொடுத்துக் கூறை எடுக்க வேண்டும். வீரமுத்து வீட்டுக் கூறு, தர்மன் வீட்டுக் கூறு, பிச்சைமுத்து வீட்டுக் கூறு மூன்றும் அடுத்த நிமிஷமே பூங்காவனத்தின் அண்டாவில் ஒன்றாகத்தான் விழும். ஆக அது கறிக்காக இல்லை, பேருக்காக. தர்மன் "இருக்கேன்" என்று சொல்லும் குரல் கேட்டால், அடுப்படியில் அவளுக்கு முதுகு நிமிரும்.

1995 ஐப்பசியில் மஞ்சள் காமாலை தர்மனைப் பதினெட்டு நாளில் கொண்டுபோயிற்று. மகள் அனிதாவுக்கு அப்போது ஏழு வயது. அடுத்த சித்திரையில், வருஷம் திரும்பாத வீட்டில் பானை வைக்கக் கூடாது என்றார்கள். சரி என்று சமைத்துப் போட்டாள். அதற்கடுத்த சித்திரையில் புதுப் பானை வாங்கி, மஞ்சள் கொத்து கட்டி, வீரமுத்து பானைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

வீரமுத்து பானையையும் அவளையும் பார்த்தார். "இது யாரு பானை?"

"அவரு பானைதான் மாமா."

"ஆம்பள இல்லாத வூட்டுக்குத் தலக்கட்டு ஏதும்மா?"

"அனிதா இருக்காளே."

"பொண்ணு நாளைக்கு இன்னொருத்தன் தலக்கட்டு. நீ ஒண்ணு பண்ணு. எம் பானையில ரெண்டு கை அரிசி போட்டுக்க. ஒன்ன யாரு வேணாம்னா?"

வீரமுத்துவின் மனைவி மலர்கொடி, அந்தப் புதுப் பானையைத் தூக்கித் தண்ணீர் மொள்ளக் கொடுத்துவிட்டாள். ஆத்திரத்தில் செய்யவில்லை, பானை சும்மா கிடக்கிறதே என்று செய்தாள். பூங்காவனத்துக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே கதை. வத்தலுக்கு அவள், ஊறுகாய்க்கு அவள், முப்பது பேருக்கு உலை வைக்க அவள். "பூங்காவனம் இல்லாட்டி இந்த வூடு ஏது" என்று வாய் நிறையச் சொன்னார்கள். பூசாரி மட்டும் வீரமுத்துவுக்கு அப்புறம் நேராகப் பிச்சைமுத்துவுக்குப் போனார். ஒவ்வொரு வருஷமும் படையலுக்கு முன்னால் யாரிடமாவது அவள் வாய்விட்டுக் கேட்பாள். 2002-இல் கொழுந்தன் பிச்சைமுத்துவிடம் கேட்டாள்.

"தம்பி, அண்ணங்கிட்ட நீயாச்சும் சொல்லேன். அவரு பேரு ஒரு தடவ காதுல விழுந்தா போதும்."

"என்னங்க அண்ணி, தனியாப் பிரிச்ச அரியலூர் ஜில்லாவயே போன மாசம் திரும்பவும் பழைய ஜில்லாவோட ஒண்ணாக்கிட்டாங்க. ஒங்க அரிசிய அண்ணன் பானையில ஒண்ணாக்குனா என்ன கொறஞ்சு போச்சு?" என்று சிரித்தான் அவன்.

"பேரில்லாம போனதும் சின்ன ஜில்லாதானே தம்பி" என்றாள். அவன் அதற்குள் கிடாயைப் பிடிக்கப் போயிருந்தான்.

அந்த வருஷம் பழைய பூசாரிக்குக் கை கால் விளங்கவில்லை. மகன் வீரமணி முதல் தடவையாக வந்திருந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஊர்ச் சாவு, வாழ்வு எதுவும் தெரியாது. சின்ன வயசில் அப்பா கூப்பிடக் கேட்டுக் கேட்டு, பாட்டுப் போல மனசில் ஏறிய வரிசை ஒன்றுதான் அவனிடம் இருந்தது. அதை விரல் விட்டு எண்ணித்தான் கூறு போட்டான். இருபத்து இரண்டு போட வேண்டிய இடத்தில் இருபத்து மூன்று விழுந்தது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"வீரமுத்து!"

"இருக்கேன்."

"தர்மன்!"

வேப்ப மரத்தடியில் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த பூங்காவனத்துக்குக் கை நின்றுபோனது. ஆறு சித்திரை கழித்து அந்தப் பேர். வீரமணி வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு மறுபடி கூப்பிட்டான்.

"தர்மன்! இருக்காரா, இல்லியா?"

"இருக்கேன்."

மிளகாய்க் கையோடு அவள் எழுந்து நின்றாள். எங்கோ ஒரு பொடிசு களுக்கென்று சிரித்தது. மலர்கொடி, "அய்யய்யே, இவளுக்கென்ன புத்தி பெரண்டு போச்சா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவன் செத்து ஏழு வருஷம் ஆவப்போவுதுடா" என்றார் வீரமுத்து வீரமணியிடம்.

"தெரியாதுங்க பெரியப்பா. ஆனா கூறு விழுந்துடுச்சே" என்றான் வீரமணி.

பூங்காவனம் இலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். "சாமி எடத்துல பேரு வந்துடுச்சு, கூறும் விழுந்துடுச்சு மாமா. நானா கேட்டேன்? இந்த ஒரு வருஷம் எடுத்துக்கறேன். எடுத்து ஒங்க அண்டாவுலதான போடப் போறேன்?"

முப்பது வருஷம் ஆனாலும் சாமி திரும்ப ஒருமுறை இப்படித் தவறிப் பேசாது என்று அவளுக்குத் தெரியும். வீரமுத்துவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு ஒம்போது பேரு வந்து நிப்பாளுவ. அதப் பிரிச்சு எல்லாக் கூறுலயும் போடுடா."

வீரமணி குனிந்து, தர்மன் கூறிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து மற்ற இருபத்து இரண்டு இலைகளிலும் வைத்தான். அவள் நின்று கடைசித் துண்டுவரை பார்த்தாள். ரத்தம் தோய்ந்த வெறும் இலையைக் காற்று புரட்டிவிட்டது.

"போம்மா, போயி மசாலாவ அரை. கறி வருது" என்றார் வீரமுத்து, தணிந்த குரலில். அவர் வரைக்கும் விஷயம் முடிந்துவிட்டது.

பூங்காவனம் குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள். அனிதாவைக் கூப்பிட்டாள். மலர்கொடி ஓடி வந்தாள்.

"ஏய், ஒல கொதிக்குதுடி! எங்கடி போற?"

"தலக்கட்டுக்காரங்க எல்லாம் இருக்காங்களே அக்கா. ஆக்கிக்கச் சொல்லுங்க."

பெரியப்பா மகள் சசிகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அனிதா வர மறுத்தாள். இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, பதினாலு வயசுப் பெண் அழுதுகொண்டே கேட்டாள்: "ஒரு கூறு கறிக்காம்மா இவ்வளவு? வேணும்னா கடையில வாங்கித் தின்னா என்ன?"

பதில் சொல்ல வாயெடுத்தாள் பூங்காவனம். பஸ் வந்துவிட்டது.

ரஞ்சன்குடியில் அம்மா வீட்டில் ஒரு வருஷம் களை வெட்டப் போனாள். பிறகு, புருஷன் இல்லாதவள் என்ற கணக்கில் இந்தச் சத்துணவு வேலை கிடைத்தது. சமாதானம் பேச யாரும் வரவில்லை. அடுத்த சித்திரை முடிந்ததும் சின்னம்மாள் மட்டும் ஒரு பை மாங்காயோடு வந்தாள். இந்த வருஷம் டவுனிலிருந்து சமையல்காரர் ஒருவரைக் கூலிக்கு வைத்தார்களாம். குழம்பு நன்றாகவே இருந்ததாம்.

"வத்தல்தான் யாரும் போடலடி. ஆமா, அந்தாளு படையலுக்குச் சமைச்சவனுக்கு ஒரு கூறு தரணும், அதான் வழக்கம்னு கேட்டான். சரிதான்னு குடுத்துட்டாங்க."

"யாரு குடுத்தா?"

"எந் தம்பி வீரமுத்துதான். அவரு கையாலயே எடுத்துக் குடுத்தாரு."

பூங்காவனம் மாங்காய்ப் பையை வாங்கி மூலையில் வைத்தாள். நாத்தனாருக்குச் சோறு போட்டாள், பஸ் ஏற்றிவிட்டாள். மாங்காயை வெட்டவில்லை. அழுகிய பிறகு அனிதாதான் கொண்டுபோய்க் கொட்டினாள்.

2005-லிருந்து அனிதா ஒவ்வொரு சித்திரைக்கும் பெரியப்பா வீட்டுக்குத் தனியாகப் போய், விடுமுறை முழுக்க இருந்துவிட்டு வருகிறாள். பம்புசெட்டில் குளித்துக் கறுத்துப்போய், சசிகலாவின் கதைகளோடு திரும்புகிறாள். போகாதே என்று பூங்காவனம் சொன்னதில்லை. அங்கே என்ன நடந்தது என்று கேட்டதுமில்லை.

பூங்காவனத்துக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. அரியலூரில், பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். சத்துணவுக் கூடத்தில் தினமும் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். கோடை விடுமுறையில் கூடம் பூட்டியிருக்கும். அந்த நாட்களில் தனக்கு மட்டும் சமைத்துக்கொள்கிறாள்.