சிஸ்டர் பிரிஜிற் சொல்லாமல் விட்ட பகுதி

துணுக்காயில் நான் இப்போது படிப்பிக்கும் பாடசாலையில் காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வவுனியாவில் முதிய அருட்சகோதரிகள் தங்கியிருக்கும் மடத்திலிருந்து ஓர் இளம் சிஸ்டர் பேசினார். சிஸ்டர் பிரிஜிற் விடியப்புறம் போய்விட்டார் என்றார். கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லை, நித்திரையிலேயே அடங்கிவிட்டார் என்றார். நான் தரம் பத்துக்குப் போய், பிள்ளைகளைப் புத்தகத்திலுள்ள கணக்குகளைச் செய்யச் சொல்லிவிட்டு, பாடநேரம் முடியும்வரை யன்னலோரம் நின்றேன்.

முல்லைத்தீவுக் கரையில் அவரிடம் படித்தவர்களுக்கும் அவரோடு படிப்பித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவரைப் புகழ்ந்து எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் புகழ் எதுவும் பொய்யில்லை. ஆனால் அவர் மனநிறைவோடு போனார் என்று யாராவது எழுதினால் அது உண்மையில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

நியமனக் கடிதத்தோடு அங்கே அவர் அதிபராயிருந்த பாடசாலைக்கு வந்த நாளில் எனக்கு இருபத்துமூன்று வயது. ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிற குடும்பம் எங்களுடையது. குளத்துத் தண்ணீரையும் காணியையும் நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். மாதா கோயில் ஒன்றுக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. மண்டபத்தில், சிஸ்டர்மாரின் சபையைத் தொடங்கிய நிறுவுநரின் பெரிய படம் மாட்டியிருந்தது. கறுப்பு அங்கி போட்ட மெலிந்த குருவானவர், காலடியில் பிள்ளைகள். அவரைப் புனிதராக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். அந்தப் படத்தின் முன் நான் என்ன செய்ய வேண்டும், கும்பிட வேண்டுமா என்று அதிபரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

சிஸ்டர் பிரிஜிற் சிரிக்கவில்லை. "நீங்கள் சைவமோ வேதக்காரியோ எண்டு நான் கேக்கமாட்டன் ரீச்சர். உங்கட வகுப்பில இண்டைக்கு ஆர் வரேல்லை, ஏன் வரேல்லை எண்டு மட்டும் கேப்பன்" என்றார். அடுத்த பதினொரு வருடமும் ஒவ்வொரு நாளும் கேட்டார்.

நிறுவுநரின் கதையை அவர் ஆண்டுதோறும் அந்தப் புனிதரின் பெருநாளன்று பிள்ளைகளுக்குச் சொல்வார். எங்கோ ஒரு தூர நகரத்தில் கொள்ளைநோய் வந்தது. வசதியானவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். பாடசாலைகளைப் பூட்டினார்கள். யாரும் தேடி வராத பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அவர்களைத் தன் வீட்டுக்குள் எடுத்து, வாசலுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தார் அந்தக் குருவானவர். ஒரு பிள்ளையையும் அவர் வெளியே விடவில்லை. "எல்லாரும் பிழைச்சவை" என்று சிஸ்டர் முடிப்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கும் அந்த முடிவு பிடிக்கும்.

அவருக்கு அது வெறும் கதையில்லை. தரம் ஏழில் ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை. கடற்கரையில் தாயோடு கருவாடு காயப்போடுகிறாள் என்று தெரிந்ததும் சிஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தாய், தகப்பனுக்குச் சுகமில்லை, வேலைக்கு ஆளில்லை என்று சொன்னாள். சிஸ்டர் மணலில் குந்தியிருந்து மீனைப் பரப்பத் தொடங்கினார். "அவளின்ர வேலையை நான் செய்யிறன். அவளை ரீச்சரோட விடு" என்றார். மத்தியானம் அவர் பாடசாலைக்குத் திரும்பியபோது வெள்ளை உடுப்பெல்லாம் மீன் செதிள். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் அந்தத் தாய் வெட்கப்பட்டு, இனி வரவேண்டாம் சிஸ்டர், நானே அனுப்புகிறேன் என்றாள்.

இனி ஜெனிற்றாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்தார் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. எங்கள் விடுதியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். சிஸ்டர் தன் அறையை விட்டுவிட்டு விடுதி வாசலில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கினார். ஆள் பிடிக்க வந்தவர்கள் இரண்டு தரம் வந்தார்கள். இரண்டு தரமும் வாசல் படலையடியில் நின்று, சத்தம் போடாமல் கதைத்து, திருப்பி அனுப்பினார். நாங்கள் அவரை அந்தப் படத்திலிருந்து இறங்கி வந்தவர் போலப் பார்த்தோம்.

ஒரு மத்தியானம் விடுதிப் பிள்ளை ஜெனிற்றாவின் தாய் ரஞ்சினி வந்தா. புருசன் கடலில் தொழில் செய்பவர். அடுத்ததாக விடுதிகளில்தான் கைவைக்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கரையை விட்டு உள்ளுக்கு இருக்கிற என் தம்பி வீட்டில் ஒளித்து வைக்கப் போகிறேன், பிள்ளையைத் தாருங்கள் என்றா. சிஸ்டர் மறுத்தார். இங்கே இருப்பதுதான் பாதுகாப்பு என்று ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். ரஞ்சினி அழுதுகொண்டு போய், மறுநாள் திரும்பி வந்தா. அன்று அழவில்லை.

"என்ர பிள்ளை சிஸ்டர். பெத்தனான் நான்" என்றா.

சிஸ்டர், பிள்ளைகள் போய்வருவதைப் பதியும் விடுதிப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்தது நான். திகதி எழுதினதும் நான். கையெழுத்து அவருடையது. ஜெனிற்றா பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமைச் சோதனையைப் பிறகு வந்து செய்யலாமா ரீச்சர் என்று கேட்டாள். ஓம் என்றேன். கணிதத்தில் அவள்தான் வகுப்பில் முதலாவது.

ஒன்பதாம் நாள் மாமனின் சைக்கிளில் பின்னுக்கு இருந்து போனபோது ஆள் பிடிப்பவர்கள் அவளை வழியில் மறித்து இறக்கி, வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவளைக் கண்டதாக ஒருவரும் இல்லை. விடுதியில் மிஞ்சிய பிள்ளைகளில், கடவுள் புண்ணியத்தில், ஒருவரும் பிடிபடவில்லை. அதுதான் சிஸ்டரால் தாங்க முடியாமல் போனது.

பிறகு சண்டை நெருங்கி எல்லாரும் இடம்பெயர்ந்தோம். அந்த நாளில் ஒரு சம்பவம். உழவு இயந்திரப் பெட்டியில் நிறுவுநரின் சுருவச் சிலையைத் துணியால் சுற்றிப் பெரியவர்கள் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு மாணவியின் தகப்பன் இடுப்புக்குக் கீழே அசைய மாட்டாதவர். அவருக்கு இடமில்லை. சிஸ்டர் சுருவத்தை இறக்கச் சொன்னார். கோயில் மூப்பர் கோபித்தார், புனிதரை நடுத்தெருவில் விடுவதா என்று கேட்டார். "அவர் நடந்து வருவார். இவருக்கு ஏலாது" என்றார் சிஸ்டர். சிலர் சிரித்தார்கள். அந்த மாதங்களில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வந்ததை எழுத எனக்கு ஏலாது. உங்களில் பலர் அங்கே நின்றவர்கள்.

சண்டை முடிந்து, எங்களை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து விட்ட பிறகு பாடசாலை மறுபடி தொடங்கியது. முதல் நாள் சிஸ்டர் பழைய வரவு இடாப்பின்படி பெயர் கூப்பிட்டார். பாதிப் பெயர்களுக்குச் சத்தமில்லை. கூப்பிட்டு முடித்துவிட்டு அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வருடப் பெருநாளுக்கு நிறுவுநரின் கதையை அவர் சொல்லவில்லை. என்னைச் சொல்லச் சொன்னார். சைவக்காரி நான் மேடையேறிச் சொன்னேன். எல்லாரும் பிழைத்தார்கள் என்று முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. சிஸ்டர் மண்டபத்தில் இல்லை.

ரஞ்சினி கரைக்குத் திரும்பி, தகரக் கொட்டில் போட்டு இருந்தா. புருசனும் சண்டையில் செல்லடிபட்டுப் போய்விட்டார். சிஸ்டர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே போவார். முள்ளியவளையில் வாடகைக்கு இருந்த நானும் சில தடவை சைக்கிளில் வந்து கூடப் போனேன். ரஞ்சினி கதிரை எடுத்துப் போடுவா. ஒரு வார்த்தை பேசமாட்டா. சிஸ்டரும் பேசமாட்டார். அரை மணித்தியாலம் இருந்துவிட்டு எழும்பி வருவோம். எதற்காக இந்தத் தண்டனை என்று ஒருநாள் நான் கேட்டேன். அவ என்னைத் திட்டுகிற நாளில் திட்டுவதற்கு நான் அங்கே இருக்க வேண்டும் என்றார்.

ஜெனிற்றா போய் ஏழாம் வருடமோ எட்டாம் வருடமோ, ரஞ்சினி வாய் திறந்தா.

"ஏன் சிஸ்டர் இஞ்ச வாறியள்? நான்தானே கூட்டிக்கொண்டு போனனான்."

"விட்டனான் நான்" என்றார் சிஸ்டர்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இத்தனை வருடமும் ரஞ்சினி அவரைக் குற்றம் சாட்டுகிறா என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவ தன்னைத்தான் குற்றம் சாட்டிக்கொண்டிருந்திருக்கிறா. இந்தப் பேச்சோடு இரண்டு பேரின் பாரமும் இறங்கியிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நானும் எதிர்பார்த்தேன். இறங்கவில்லை. அடுத்த மாதமும் அதே கதிரை, அதே மௌனம்.

சிஸ்டர் ஓய்வுபெற்று வவுனியாவுக்குப் போன பிறகு பள்ளி விடுமுறைகளில் போய்ப் பார்ப்பேன். சென்ற ஆவணியில் போனபோது அவரால் எழும்ப முடியவில்லை. கண் மட்டும் தெளிவாக இருந்தது. ஜெனிற்றாவைப் பற்றித்தான் கதை போனது. நீங்கள் நிறுவுநர் செய்ததைத்தானே செய்தீர்கள், அவரைவிட ஒரு மனிசர் என்ன செய்ய முடியும் என்று ஆறுதலாகச் சொன்னேன்.

"அந்தக் கதையை நான் பிழையாச் சொல்லிப்போட்டன் ரீச்சர்" என்றார். "எல்லாரும் பிழைக்கேல்லை. கொஞ்சப் பிள்ளையள் செத்தவை. அவரின்ர கையிலதான் செத்தவை. எங்கட சபைப் புத்தகத்தில இருக்கு. சின்னப் பிள்ளையளுக்கு ஏன் எண்டு அந்தப் பகுதியை விட்டுட்டன்."

பிறகு அவரே சொன்னார்.

"அதுக்குப் பிறகு அவர் எப்பிடி நித்திரை கொண்டவர் எண்டு அந்தப் புத்தகத்தில இல்லை. நான் தேடிப் பாத்தனான்."

அவர் ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தப் புனிதரைப் பின்பற்றியவர். கடைசியில் அந்தப் புனிதரிடம் கேட்க இருந்தது அந்த ஒரு கேள்விதான். பதில் கிடைக்காமலே போனார்.

அடக்கம் வவுனியாவில் நடந்தது. பிரசங்கத்தில், நிறுவுநரைப் போலவே ஒரு பிள்ளையையும் கைவிடாதவர் என்று சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் ரஞ்சினி இருந்தா. காலையில் முதல் பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தா. அந்த வசனத்தைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டா. சேமக்காலையில் எல்லாரும் குழிக்குள் மண் போட்டுக் கலைந்த பிறகு என் கையைப் பிடித்தா.

"இனி என்ர பிள்ளையை நினைக்க ஆர் இருக்கினம் ரீச்சர்?" என்றா.

நான் இருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது போதாது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

சிஸ்டர் போய் மூன்று வாரத்தில் என் பாடசாலைக்குத் தரம் பதினொன்றில் படிக்கும் ஒரு பிள்ளை தன் மாமியோடு வந்தாள். சோதனைக்கு நாலு மாதம்தான் இருக்கிறது. தைக்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, விடுகைப் பத்திரம் வேண்டும் என்றார்கள். உப அதிபர் என்ற முறையில் கையெழுத்து என்னுடையது. அன்று போடவில்லை. அன்று பின்னேரமே அவள் வீட்டுக்குப் போனேன். மறுநாளும் போனேன். தாய் வெளிநாட்டில், தகப்பன் வேறு வீட்டில். தன் இரண்டு தம்பிகளைக் காட்டி, நான் போகாவிட்டால் இவர்களுக்கு யார் என்று அந்தப் பிள்ளையே என்னைக் கேட்டாள். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டேன். அவளுடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டேன்.

சிஸ்டர் பிரிஜிற் எனக்கு நம்பிக்கை எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவரிடமே அது மிஞ்சியிருக்கவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகும் ஒரு பிள்ளை நம்முடைய பிள்ளைதான் என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையின் இலக்கத்துக்கு மூன்று தரம் அழைப்பு எடுத்தேன். யாரும் எடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பேன்.