மூணாவது மாடு

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. இப்பவும் அப்படித்தான். பேத்தி கல்யாணத்தில் மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். அதைப் பத்திரமாகப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அப்பேர்ப்பட்ட நான், பத்து வயசில், கோவில்பட்டி சினிமாக் கொட்டகையில் அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று பேசினேன் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் யாரிடமும் சொன்னதில்லை. எழுதுவதற்குத்தான் வெட்கம் இல்லை. அஞ்சாங்கிளாஸ் எழுத்து, பிழை இருந்தால் இருக்கட்டும்.

அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அவருக்கு மூத்தவர் பெரியய்யா. ஒரே முற்றத்தைப் பார்த்த ரெண்டு வீடு, ஒரு சோடி மாடு, ஒரு வண்டி, ஊருக்கு மேற்கே கரிசல் காடு. அய்யாவுக்கு மத்தியானத் தூக்கம் கொஞ்சம் நீளம். ஒருநாள் உழவையும் மறந்து தூங்கிவிட்டார். பெரியய்யா காட்டிலிருந்து வந்த கோபத்தில், ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் நிற்கையிலேயே சொன்னார்:

“எங்க வீட்டுல மூணு மாடுய்யா. ரெண்டு உழுவும். ஒண்ணு தின்னுட்டுத் தூங்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அய்யா சிரிக்கவில்லை. மறுநாளே பாகம் கேட்டார். காட்டைப் பிரித்தார்கள். அண்டா குண்டாவைப் பிரித்தார்கள். கடைசியில் மாட்டையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தார்கள். இடத்து மாடு அய்யாவுக்கு, வலத்து மாடு பெரியய்யாவுக்கு. ஒத்தை மாட்டை வைத்துக் கரிசலை உழ முடியாது என்று எனக்கே தெரியும். அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும். ரோசம்.

அன்றிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. பேச்சு இல்லையே தவிர, சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அதற்குத்தான் நான். பெரியய்யா அவர் வாசலில் நின்றுகொண்டு, “ஏட்டி, அந்தச் சோம்பேறிட்டப் போய்ச் சொல்லு, அவன் மாடு என் வைக்கோலத் திங்குது” என்பார். எதிர்வாசலில் நிற்கும் அய்யாவுக்கு அது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் போய்ச் சொன்னால்தான் கேட்ட மாதிரி. நான் முற்றத்தைக் கடப்பதற்குள் வசவை முழுங்கிவிட்டு, மிச்சத்தைச் சொல்வேன்: “அய்யா, மாட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டணுமாம்.” ஒன்பது மாசம் இப்படி முழுங்கி முழுங்கி, பசியே எடுக்காமல் போயிற்று எனக்கு.

புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை. கரிசலில் உடனே கால் வைக்க முடியாது, முழங்கால்வரை அப்பிக்கொள்ளும். நாலைந்து நாளில் ஒரு பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில் உழுது விதைத்தால் உண்டு. விட்டால் மண் இறுகிப் போகும், வருசம் பூராவும் கஞ்சிக்குத் திண்டாட்டம். இரவல் மாடும் கிடைக்காது. அந்தப் பத நாளில் ஊர் மாடு எல்லாம் அவரவர் காட்டில்தான் நிற்கும். ரெண்டு வீட்டிலும் விதைக்கிற பருத்திக்கொட்டையைச் சாணியில் புரட்டிக் காயவைத்திருந்தார்கள். மாட்டைச் சோடி சேர்க்கலாம் என்று முதலில் யார் சொல்வது? அதுதான் நடக்கவில்லை.

அம்மாவும் பெரியம்மாவும் கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள்.

“கோயில்பட்டில ஒரு படம் ஓடுதாம்ட்டி. அண்ணன் தம்பி பிரிஞ்சு சீரழியுத கதை. கல்லும் கரைஞ்சிருமாம்” என்றாள் பெரியம்மா.

“கல்லு கரையும்க்கா. இவிய ரெண்டு பேரும்லா கரையணும்.”

எங்கள் ஊர் பெரிய ரோட்டோரம் என்பதால் சேற்றில் மாட்டாமல் வண்டி போய்விடும். ஆனால் வண்டிக்கு ரெண்டு மாடு வேண்டுமே. அவரவர் வீட்டுக்காரரிடம் அவரவர் கேட்டார்கள். ரெண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “என் மாட்டை அவன் கையில விடமாட்டேன். நானும் வாரேன்.” பெண்கள் நினைத்ததும் அதுதான்.

பகலாட்டத்துக்குக் கிளம்பினோம். முன்னால் இடப்பக்கம் அய்யா, வலப்பக்கம் பெரியய்யா, ஆளுக்கு ஒரு கயிறு. நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அய்யா தன் மாட்டிடம் பேச ஆரம்பித்தார்.

“நீ ஒழுங்காப் போடா. பக்கத்துல உள்ளது இடிக்கத்தான் செய்யும். மூத்ததுன்னு நெனப்பு அதுக்கு.”

பெரியய்யா தன் மாட்டின் முதுகைத் தட்டினார். “நீ இழு ராசா. நீ இழுத்தாத்தான் வண்டி. மத்தது நடந்துகிட்டே தூங்குது.”

பின்னால் அம்மாவும் பெரியம்மாவும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள். மாடுகள் ரெண்டும் ஒன்பது மாசம் கழித்துச் சேர்ந்த சந்தோசத்தில் ஒன்றை ஒன்று நக்கிக்கொண்டே போயின.

கொட்டகையில் பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். கூட்டம் நெருக்கித் தள்ளியதில் அய்யாவுக்குப் பக்கத்திலேயே பெரியய்யாவுக்கும் இடம். ரெண்டு பேரும் கழுத்தை எதிரெதிராகத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தர் திரையைப் பார்த்தால் மற்றவர் சுவரைப் பார்த்தார்.

படத்தில் அண்ணனும் தம்பியும் வீட்டுக்கு நடுவே கோடு கிழித்ததும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். பானையைப் பிரித்தபோது பெரியம்மா, “ஏட்டி, நம்ம வீட்டுக் கதைய யாரோ போய்ச் சொல்லியிருக்காவட்டி!” என்று சத்தமாகவே சொன்னாள். முன்னால் இருந்தவள் திரும்பி, “எல்லா வீட்டுக் கதையும் இதான், சும்மா இருங்க” என்றாள். நானும் அழுதேன். எனக்கு அது படம் என்பதே மறந்துபோயிற்று.

அண்ணன்காரன் படுக்கையில் விழுந்துவிட்டான். இருமினான். தலையைத் தூக்கி, கண்ணை நேரே எங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, “என் தம்பியிடம் போய்ச் சொல்லுங்கள்... நான் காத்திருக்கிறேன் என்று...” என்றான்.

சொல்லு என்ற சொல் காதில் விழுந்ததும் என் கால் எழுந்துவிட்டது. ஒன்பது மாசப் பழக்கம். சுவர் ஏறிக் குதித்தேன். கால்களை மிதித்துக்கொண்டு போய் அய்யா முன்னால் நின்றேன். கொட்டகையே கப்சிப்பென்று அழுதுகொண்டிருந்த நேரம்.

“அய்யா, பெரியய்யா உங்களுக்காகக் காத்திருக்காவளாம். சொல்லச் சொன்னாவ.”

பக்கத்திலேயே பெரியய்யா உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் குபீரென்று சிரிப்பு. பின்னால் ஒருத்தர், “ஏ அண்ணாச்சி, பிள்ள சொல்லுதுல்லா, போங்க!” என்றார். எனக்குச் சுயநினைவு வந்தது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம்போல இருந்தது. அது சிமெண்டுத் தரை.

அய்யா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வண்டியடியில் இறக்கிவிட்டுச் சும்மா நின்றார். பின்னாலேயே பெரியய்யா வந்தார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் மாட்டின் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

அய்யா வண்டியின் நுகத்தடியைத் தூக்கிப் பிடித்தார்.

“அண்ணே, மூணாவது மாடும் வந்திருக்கு. பூட்டுங்க.”

பெரியய்யா கயிற்றைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, உங்கய்யாட்டச் சொல்லு, அன்னைக்கு நான் சொன்னது...”

“காதுல விழுது. என்ட்டயே சொல்லுங்க.”

பெரியய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நாளைக் கழிச்சு மேக்குக் காட்டுல பதம் சரியா இருக்கும். விடிய முன்ன எந்திச்சிருவியா?” என்றார்.

“எழுப்பிவிட்டா எந்திப்பேன்.”

அதற்குள் அம்மாவும் பெரியம்மாவும் மூக்கைச் சிந்திக்கொண்டு ஓடிவந்தார்கள், படத்தைப் பாதியில் விட்டுவிட்டு.

ஒரே சோடியாகக் கட்டி முதலில் பெரியய்யா காட்டையும் மறுநாள் எங்கள் காட்டையும் உழுதார்கள். அப்புறமும் சண்டை போட்டார்கள், மாசத்துக்கு ஒன்று. ஆனால் நேருக்கு நேராக, முழு வசவோடு. எனக்குப் பசி எடுக்க ஆரம்பித்தது.

அந்தப் படத்தை மறுபடி பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தத் தம்பி வந்தானா, அதற்குள் அண்ணன் போய்விட்டானா, எனக்குத் தெரியாது. சேதியைச் சரியான ஆளிடம் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று எனக்கு இப்பவும் ஒரு சின்னக் குறை.