ஜூனில் பிறந்த தலைவர்

மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் ஒருவரின் வரலாற்றைத் தேதி பிசகாமல் எழுதிவிட்டதாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். அச்சுக்கு அவர் சம்மதம் மட்டுமே பாக்கி. ஜூனில் அவருடைய பிறந்தநாளன்று, சிவப்புத் துண்டுடன் சூரமங்கலம் கட்சி அலுவலகத்துக்குப் போய் வாழ்த்தினேன்.

“யாருக்குங்க பொறந்தநாளு?” என்றார்.

“உங்களுக்குத்தானுங்க தோழர். பள்ளிச் சான்றிதழ்லயே இருக்குதுங்க.”

“அது ஒண்ணாவதுல சேர்க்க வயசு பத்தலைன்னு வாத்தியார் போட்ட தேதிங்க. நான் பொறந்தது ஐப்பசி அடைமழையில. மொத வரியே தப்புன்னா எப்படிங்க அச்சுக்குக் குடுக்கறது? ஆமா, நீங்க எப்பப் பொறந்தீங்க?”

“நானும் ஜூன்தானுங்க,” என்றேன் பெருமையாக.

தோழர்கள் சிரித்த பிறகுதான், என் வகுப்பில் பாதிப்பேர் பள்ளி திறக்கும் மாதத்தில் பிறந்தவர்கள் என்பது உறைத்தது. துண்டை என் தோளிலேயே போட்டு வாழ்த்திய தலைவர், திருத்திவிட்டு அச்சிடச் சொன்னார். தேதி பிசகாத என் புத்தகம் இப்போது தேதியே இல்லாமல், ஏதோ ஓர் ஐப்பசி மழையில் தொடங்குகிறது.